நாச்சியிடம் இறக்கி வைத்தது

மஞ்சணூத்து ஆம்பளைகளுக்கு எடை குறைந்துகொண்டே வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது வனராணியின் மாவுமில் தராசுதான். திங்கட்கிழமை காலையில் மில்லைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, மிஷினைக் கூட்டித் துடைத்து முடித்ததும், தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் தன் புருஷன் அழகுமாயனைத்தான் அதன் மேல் ஏறி நிற்கச் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் எடை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை, தீபாவளிக்குக் கறி தின்றாலும் காய்ச்சலில் கஞ்சி குடித்தாலும் எழுபத்திரண்டு என்றால் எழுபத்திரண்டு, அதனால் அரசாங்க முத்திரை குத்திய படிக்கல்லை விட அவளுக்குப் புருஷன் மேல்தான் நம்பிக்கை அதிகம். அந்தத் திங்கட்கிழமை முள் எழுபதுக்குக் கீழே போய் நின்றுகொண்டது. வனராணி தராசைத்தான் சந்தேகப்பட்டாள். தேனியிலிருந்து ஆளை வரவழைத்துப் பிரித்துப் பூட்டச் சொன்னாள். வந்தவன் எல்லாம் பார்த்துவிட்டு, "தராசுல ஒரு குத்தமும் இல்லக்கா, அண்ணனைத்தான் பிரிச்சுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனான்.

ஆளைப் பார்த்தால் அதே ஆள். சட்டை தொளதொளக்கவில்லை, கன்னம் ஒட்டவில்லை, விரலில் மோதிரம் கழலவில்லை. கறி அப்படியே இருக்கிறது, எலும்பு அப்படியே இருக்கிறது, கனம் மட்டும் எங்கோ போய்விட்டது. எங்கே போயிருக்கும் என்று வனராணி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கே போனான் என்பது ஊருக்கே தெரியும்.

மஞ்சணூத்துக்கு மேற்கே சுவர் மாதிரி எழும்பி நிற்கிற மலையில் பொதிமேட்டுக் கணவாய் என்று ஒரு பழைய வழி உண்டு. உப்பும் கருவாடும் மேலே போக, மிளகும் ஏலமும் கீழே வர, பொதிமாடுகளும் தலைச்சுமைக்காரர்களும் எத்தனையோ தலைமுறையாக ஏறி இறங்கித் தேய்த்த வழி அது. பிறகு வெள்ளைக்காரன் அதற்குக் கல் பாவி வளைவுக்கு வளைவு கட்டைச்சுவர் கட்டினான், பிறகு மோட்டார் ரோடு வேறு மலையைப் பார்த்துப் போய்விட்டது, பிறகு வனத்துறைக்காரர்கள் அடிவாரத்தில் ஒரு கேட்டைப் போட்டுப் பூட்டி, சாவியையும் வழியையும் சேர்த்து மறந்துபோனார்கள். அந்தக் கேட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும் மட்டும் திறந்துவிடலாம் என்று என்றைக்கு உத்தரவு வந்ததோ அன்றைக்கே மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் எர்ணாகுளத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள்: உடம்போடு ஒட்டிய பளபளக்கிற உடுப்பு, தலையில் ஓட்டை ஓட்டையாய் ஒரு தொப்பி, ஒற்றை விரலில் தூக்கிவிடக்கூடிய சைக்கிள். அவர்களைப் பார்த்து நம்ம ஊர் ஆம்பளைகளுக்கும் ஆசை வந்தது. மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்த அழகுமாயன், ஏலக்காய்க் கமிஷன் மண்டிக்காரர் மகன் ஓட்டிச் சலித்துப்போட்ட கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, செயினுக்கு எண்ணெய் விட்டு, எல்லோருக்கும் முன்னால் ஏறிப் போனான்.

கணவாயின் உச்சியில், இந்தப் பக்கம் நம்ம சீமையும் அந்தப் பக்கம் மலையாளச் சீமையும் ஒரே சமயத்தில் தெரிகிற இடத்தில், நாச்சிக் கல் இருக்கிறது. நாச்சி ஒரு பொதிக்காரனின் பெண்டாட்டி. நிறைசூலியாகப் புருஷனோடு மலை ஏறியவள், உச்சி தொட்ட இடத்தில் பிள்ளையை வெளியே விடாமலே செத்துப்போனாள். சுமையோடு போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது வழக்கம் என்பதால், இரண்டு கல்தூணை நட்டு, குறுக்கே ஒரு பலகைக்கல்லை ஏற்றி, அவள் பேரில் விட்டார்கள். வழிப்போக்கர்கள் அதன் மேல் சுமையை இறக்கி மூச்சு வாங்கும்போதெல்லாம் நாச்சியின் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை. ஆனால் இப்போது வருகிற சைக்கிள்காரர்களிடம் இறக்குவதற்கு என்ன இருக்கிறது? ஒரு கிராம் கூடினாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்று சட்டைப்பையில் சில்லறைகூட வைக்காமல் வருகிற கூட்டம். ஏறி வந்த களைப்பில் அவர்கள் வெறுமனே நெற்றியைக் கல்லில் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். நாச்சி பாவம், அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். தலையில் என்ன இருந்ததோ அதை வாங்கிக்கொண்டாள்.

அப்படித்தான் தபால்காரர் பெருமாயன் தன் அப்பா மேல் பள்ளிக்கூட நாளிலிருந்து வைத்திருந்த கோபத்தை அங்கே விட்டுவிட்டு மூன்று கிலோ குறைந்து வந்தார். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற ராசையா, தங்கச்சி கல்யாணத்துக்குப் போகாமல் விட்ட குற்ற உணர்ச்சியை இறக்கிவிட்டு வந்து, அன்று மத்தியானமே படிக்கட்டில் தொங்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் காற்றில் நீந்தினாற்போல வந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒருவரும் பயப்படவில்லை. ஊர் எதையும் நாலு நாளில் பழகிக்கொள்ளும். சலூன்காரர், லேசான ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் மடியில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தார். டெய்லர், பேன்ட் மடிப்பில் புளியங்கொட்டையைக் கொட்டித் தைத்துக் கொடுத்தார். தென்னை மரம் ஏறவும் கோபுரத்துக்குச் சீரியல் லைட் கட்டவும் வெளியூர் ஆளைக் கூப்பிடுவது நின்றுபோனது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள், மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்டுவிட்டு, மேலே போவாரா என்று அடுத்த கேள்வியாகக் கேட்டார்கள்; போவார் என்றால் நல்லது என்றும் சொன்னார்கள், காரணம் மேலே போய் வந்தவன் அடிக்கவில்லை, வையவில்லை, சோற்றில் உப்பில்லை என்றால்கூடச் சிரித்துக்கொண்டே தின்றான். பெண்டாட்டிமார்கள் நாச்சிக்கு மஞ்சளும் கண்ணாடி வளையலும் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பளைகள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே, "நாச்சியைப் பாத்துட்டு வந்துர்றோம்" என்று சொல்ல, அவர்களும் வாசலில் நின்று கையாட்டினார்கள்.

வனராணி மட்டும் கையாட்டவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஏண்டி, அது கல்லுடி" என்றாள் ஜெயக்கொடி. கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவள், வனராணியின் பள்ளிக்கூடத் தோழி. "ஒரு கல்லு மேல போயி பொறாமைப்படுவாளா ஒருத்தி? உன் புருஷன் வேற எவ வீட்டுக்காச்சும் போனா நான் வந்து வெளக்குமாத்த எடுப்பேன். இதுக்கு என்னத்த எடுக்க?"

"வேற எவ வீட்டுக்காச்சும் போயிருந்தா எனக்கு இம்புட்டு எரியாது" என்றாள் வனராணி. "போனாரு, வந்தாருன்னு விட்டுருவேன். இந்த மனுஷன் என்னத்தையோ கொண்டுபோயி அவகிட்டக் குடுத்துட்டு வாறாருடி. எங்கிட்டக் குடுக்காதத."

என்ன கொடுத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எரிந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, மாதம் நிறைந்து, உயிர் இல்லாமல் பிறந்தது. வனராணிக்கு அப்போது நினைவு இல்லை. அவள் கண் திறந்தபோது மறுநாள் ஆகியிருந்தது. அதற்குள் அழகுமாயன் பிள்ளையைத் துண்டில் சுற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, ஓடைக்கரை ஆவாரஞ்செடிகளுக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டுத் திரும்பியிருந்தான். பத்து மாதம் சுமந்தவள் ஒரு நிமிஷம்கூடக் கையில் வாங்கவில்லை. யாரைப் போல இருந்தாள் என்று கேட்டாள். "விடு வனா" என்றான். முடி இருந்ததா என்று கேட்டாள். "விடு வனா, அதையெல்லாம் கேக்காத" என்றான். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவன் சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இடது கை மட்டும் முழங்கையில் மடங்கி, நெஞ்சுக்குப் பக்கத்தில் எதையோ தாங்கினாற்போல நிற்கும். டிவி பார்க்கும்போது நிற்கும். காயில் கட்டும்போதுகூட வலது கையால்தான் முக்கால் வேலையும் செய்வான். அந்த மடங்கின கையைப் பார்க்கும்போதெல்லாம் வனராணிக்கு அழுகையும் வரும், ஒரு துணையும் கிடைத்தாற்போல இருக்கும். அவன் சொல்லாவிட்டால் என்ன, பிள்ளை அங்கேதான் இருக்கிறாள், என்றைக்காவது ஒருநாள் எனக்கும் தருவார் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

தராசு குறைத்துக் காட்டிய அந்தத் திங்கட்கிழமை, மில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவனின் இடது கை நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. வனராணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிஷினில் போட்டிருந்த கம்பு அரைபட்டு முடிந்து, கல்லோடு கல் உரசி வாடை வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவன் நன்றாகத் தூங்கினான். விசிலடித்தான். வீட்டுக்கு வந்தவர்களிடம் முன்னைப்போலக் கேலி பேசினான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மறுபடி மேலே போய், மிச்சம் மீதி இருந்ததையும் இறக்கிவிட்டு வந்தான். ஒருமுறை அவளோடு போட்ட பழைய சண்டைகளை, ஒருமுறை அவளைப் பெண் பார்க்க வந்தபோது இருந்த கூச்சத்தை. முள் அறுபதுக்கு வந்தது, ஐம்பதுக்கு வந்தது, நாற்பதுக்கு வந்தது. "மனசு லேசா இருக்கு வனா. நீயும் ஒருக்கா வாயேன்" என்று கூப்பிட்டான். அவள் போகவில்லை. ஊரில் எத்தனையோ பெண்கள் சக்களத்தியைக் கண்டிருக்கிறார்கள், அவர்களுக்காவது அவளுடைய மூக்கு கோணல், நடை சரியில்லை என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தது. கல்லை என்ன குறை சொல்வது? வாயில்லை, வயசாவதில்லை, எதையும் திருப்பிக் கேட்பதில்லை. அப்படி ஒருத்தியோடு எந்தப் பெண்டாட்டிதான் போட்டி போட முடியும்?

ஆடி பிறந்தது. கணவாய் வழியாகக் காற்று இறங்கி, ஊரைப் பெருக்கித் தள்ள ஆரம்பித்தது. லேசான ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், பொட்டலில் தனியாகப் போகக் கூடாது, குடை பிடிக்கவே கூடாது என்று பஞ்சாயத்தில் தண்டோரா போட்டார்கள். வனராணி தன் மில் படிக்கற்களை எடுத்துப் புருஷனின் சட்டைப்பையிலும் கால்சட்டைப்பையிலும் போட்டுவிட்டாள். தராசுக்கே படிக்கல்லாக நின்றவனுக்குப் படிக்கல் கட்டவேண்டி வந்ததே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வாரம் எர்ணாகுளத்துக்காரர் ஒருவர் உச்சியில் சைக்கிளை விட்டு இறங்கினார், இறங்கினவர் தரையைத் தொடவே இல்லை. அப்படியே கிளம்பி, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மேலே, கொக்கு போகிற உயரத்தில் மேற்கே போய்விட்டார். கூட வந்தவர்கள் ரொம்ப நேரம் கையாட்டினார்களாம். அவர் முகத்தில் ஒரு கவலை இல்லை என்று சொல்லிக்கொண்டு ஜெயக்கொடி கடையில் வாழைக்காய் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். கொடுத்துவைத்தவர் என்று ஊரும் சொன்னது.

திங்கட்கிழமை தராசில் ஏறி நின்ற அழகுமாயனுக்கு முள் பதினொன்று காட்டியது.

"இந்த ஞாயித்துக்கிழமை போகாதீக" என்றாள் வனராணி.

"போயிட்டுச் சீக்கிரம் வந்துர்றேன்."

"காத்து தூக்கிட்டுப் போனா?"

அவன் யோசித்தான். யோசித்துவிட்டு, நல்ல சேதி கேட்டவன் மாதிரி லேசாகச் சிரித்தான். "போனா என்ன வனா?" என்றான். அந்தச் சிரிப்பில் அவள் இல்லை, வீடு இல்லை, ஓடைக்கரை இல்லை. மிச்சமிருந்த அந்தப் பதினொன்று கிலோவில் தன் பங்கு எத்தனை என்று கேட்க வனராணிக்குப் பயமாக இருந்தது.

"சரி. அப்ப நானும் வாறேன்" என்றாள்.

ஜெயக்கொடியின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளை இரவல் வாங்கினாள். கியர் இல்லை, முன்னால் கூடை, மணி மட்டும் நன்றாக அடித்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காற்று அவனைப் பிடுங்காமல் இருக்கத் தன் முந்தானையின் ஒரு முனையைப் புருஷனின் சைக்கிள் சீட்டுக் கம்பியில் முடிச்சுப் போட்டாள். பார்த்த சைக்கிள்காரர்கள், இது ஏதோ இந்த ஊர் நேர்த்திக்கடன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள். கேட்டைத் தாண்டிய முதல் வளைவிலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். அவனோ மிதிக்கவே இல்லை. அவள் முந்தானை இழுக்கிற நீளத்துக்குப் பட்டம் மாதிரி முன்னால் மிதந்து போய், நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, இந்தப் புளிய மரத்தைப் பார், இந்தச் சுங்கச்சாவடிச் சுவரைப் பார், இந்த இடத்தில் பொதிமாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்களாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். வழி முழுக்க அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லாத குறையாகப் பிரியமாகக் காட்டினான். சொந்தப் பிள்ளையின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதவனுக்கு நாச்சி வீட்டுக்குப் போகிற வழியைப் பற்றி எவ்வளவு பேச்சு என்று வனராணி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

உச்சியில் நாச்சி நின்றாள். கழுத்து நிறைய மஞ்சள், காலடியில் ஊர்ப் பெண்கள் கொடுத்துவிட்ட வளையல்கள். ஒரு சைக்கிள் கூட்டம் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக நெற்றியை வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கிப் போனது. அழகுமாயனும் போய் நெற்றியைச் சாய்த்தான். கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து, தூங்கப்போகிற பிள்ளை மாதிரி அவன் முகம் நெகிழ்ந்ததை வனராணி பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அந்த முகத்தைக் கண்டதில்லை.

"நகருங்க" என்றாள். அவனைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, சைக்கிளிலிருந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, படிக்கற்களை இன்னொரு முறை பையில் சரிபார்த்து, கட்டைச்சுவரின் மறைவில் உட்காரவைத்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாச்சிக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏண்டி, ஊர்ல உள்ள ஆம்பளைக்கெல்லாம் நீ ஒருத்திதான் கெடைச்சியா? மஞ்சளு என்ன, வளையலு என்ன, மினுக்கிக்கிட்டு நிக்கிற! அவரு என்னத்தக் குடுத்தாலும் வாங்கிக்கிருவியா? அது யாரோடதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? வயித்துல பிள்ளையோட செத்தவதான நீ, உனக்குத் தெரிய வேண்டாமா?"

வனராணிக்கு இன்னும் கோபம் ஏறியது. ரெண்டு அறை விடலாம் என்று கிட்டத்தில் போனவள், கையை ஓங்கியபோதுதான் கவனித்தாள்: பலகைக்கல் அவள் நெஞ்சு மட்டத்தில் இருந்தது. மூட்டை சுமந்து வளர்ந்தவள் அவள். சுமைதாங்கி என்றால் ஆள் தலை உயரம் இருக்கும் என்று தெரியும். குனிந்து பார்த்தாள். தூண்களைச் சுற்றி மண் புதிதாகப் பிளந்து கிடந்தது. தூண்கள் பூமிக்குள் இறங்கியிருந்தன, போன வாரம் இறங்கின ஈரம்கூடக் காயவில்லை.

வனராணி ஓங்கிய கையை இறக்கினாள். இறக்கிவைத்துவிட்டுப் போவதற்கு என்றால் தரை போதுமே, எதற்கு இவ்வளவு பாடுபட்டுத் தலை உயரத்துக்குக் கல்லைத் தூக்கி வைத்தார்கள்? தூக்கிவிட ஆள் இல்லாத காட்டில், இளைப்பாறினவன் தானே தலையைக் கொடுத்து மறுபடி சுமையை எடுத்துக்கொண்டு போவதற்குத்தானே? இந்தப் பாவிகள் வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். ஒருத்தன் திரும்ப எடுக்கவில்லை. எல்லாவற்றையும் தலையில் வாங்கிக்கொண்டு இவள் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறாள்.

"நீயும் அகப்பட்டுக்கிட்டவதானா" என்றாள் வனராணி. குரல் இறங்கிவிட்டது. "சரி. மத்தவளுக சாமானுக்கு மத்தவளுக வரட்டும். என்னோடத எடுத்துக்கிர்றேன்."

பலகைக்கல் மேல் கையை வைத்துத் துழாவினாள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை, கைக்கு எல்லாம் இருந்தது. ஒன்று கரடுமுரடாகச் சுட்டது, தபால்காரருடையதாக இருக்கும். ஒன்று பிசுபிசுத்தது. ஒன்று நனைந்த மூட்டையைப் போல அசைக்கவே முடியவில்லை, யார் பெற்ற பிள்ளை அதை இத்தனை நாள் சுமந்தானோ. மூலையில், எல்லாவற்றுக்கும் பின்னால், யாரும் தட்டிவிடாதபடி பத்திரமாகத் தள்ளிவைத்திருந்த ஒன்றின் மேல் விரல் பட்டது. பட்டதும் அவள் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. வேறு யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு கையாலும் எடுத்தாள். இடது கை தானாக முழங்கையில் மடங்கியது. தலை வந்து அந்த மடிப்பில் உட்கார்ந்தது, முதுகு முன்கையில் படுத்தது, கால்கள் வலது உள்ளங்கையில் வந்து நின்றன. கனம்! இவ்வளவு கனமாகவா இருந்தாய் என்று வனராணி சத்தம் போட்டு அழுதாள். மூன்று வருஷமாக அழுததெல்லாம் சும்மா, கையில் ஒன்றும் இல்லாமல் அழுதது. இப்போதுதான் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் பின்னால் பலகைக்கல் ஒரு விரல்கடை மேலே எழும்பியது.

"என்ன வனா? என்னத்த எடுத்த?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அழகுமாயன் எழுந்து வந்தான்.

"என் பிள்ளைய."

அவன் முகம் வெளுத்தது. "வேண்டாம் வனா. வெச்சுரு. உன்னால தாங்க முடியாது. நான் தூக்கியிருக்கேன், எனக்குத் தெரியும். அங்கயே வெச்சுரு."

"நீங்க தூக்கினீக. நான் தூக்கல. என்னைக்காச்சும் எனக்குத் தரணும்னு தோணுச்சா உங்களுக்கு? கொண்டாந்து இவகிட்டக் குடுத்தீகளே!" என்றாள். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், அவன் கண் படாதபடி. "இனி யாருக்கும் தர மாட்டேன். உங்களுக்கும் தர மாட்டேன். நீங்க வெச்சுருந்தது போதும்."

அவளைச் சமாதானம் செய்ய ஓடி வந்தவன், குனிந்து சைக்கிளைத் தாண்டினான். தாண்டியபோது சட்டைப்பை கவிழ்ந்து படிக்கற்கள் ஒவ்வொன்றாகக் கொட்டிப் பாறையில் உருண்டன. அதே சமயம் கணவாய் வாயில் காற்று வந்தது. அழகுமாயனின் கால் தரையை விட்டது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம். முந்தானை முடிச்சையும் அவள் முன்னமே அவிழ்த்துவிட்டிருந்தாள். அவன் கத்தவில்லை. எர்ணாகுளத்துக்காரருக்கு வந்த அதே முகம் அவனுக்கும் வரத் தொடங்கியது. கண் மெதுவாக மேற்கே திரும்பியது.

வனராணியின் இரண்டு கையிலும் பிள்ளை இருந்தாள். பிடிக்க மூன்றாவது கை இல்லை. இப்போதுதான் வாங்கியிருக்கிறாள், முழுதாக ஒரு தாலாட்டு பாடுகிற நேரம்கூட ஆகவில்லை. போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள், சத்தியமாக நினைத்தாள். எனக்குத் தராமல் மூன்று வருஷம் வைத்திருந்தவன்தானே, போகட்டும். அவன் செருப்பு ஒன்று கழன்று அவள் காலடியில் விழுந்தது. மில் படியில் நாள்தோறும் கிடக்கிற செருப்பு.

"இந்தாங்க!" என்று கத்தினாள். "பிடிங்க!"

எட்டி, கால்விரலில் நின்று, பிள்ளையை அவன் நெஞ்சில் வைத்தாள். அவன் இடது கை பழக்கத்தில் மடங்கியது. மடங்கின அந்த நொடியில் அழகுமாயன் தொப்பென்று முழங்காலிட்டுத் தரையில் விழுந்தான், பாறையில் முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது, ஊர் ஆம்பளைகள் ஆறு மாதமாகச் சிந்தாத கண்ணீர் அவன் ஒருத்தன் கண்ணிலிருந்தே வருகிற மாதிரி கொட்டியது. காற்று அவன் முதுகில் மோதி, அசைக்க முடியாமல், சுற்றிக்கொண்டு போனது.

வனராணி அவன் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். கழன்று விழுந்த செருப்பை எடுத்து வந்து போட்டுவிட்டாள், உருண்ட படிக்கற்களைப் பொறுக்கி மறுபடி அவன் பையில் போட்டாள். இரண்டு சைக்கிளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, ஆளுக்கு ஒரு கையால் தள்ளலாம் என்று ஏற்பாடு செய்தாள். கிளம்பும் முன் நாச்சியைத் திரும்பிப் பார்த்து, "நாங்க வருவோம். ரெண்டு பேருமா வருவோம். வெச்சா எடுத்துக்கிட்டுத்தான் போவோம், நீ ஆசைப்படாத" என்று எச்சரித்தாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"கொஞ்ச நேரந்தான். அந்த வளைவு வரைக்கும். அங்க போனதும் எங்கிட்டக் குடுத்துரணும்."

"சரி வனா."

"பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

இறங்கினார்கள். கல் பாவிய வழியில் அவன் காலடி சத்தம் கேட்டது. மிதந்து போனவனுக்கு இப்போது செருப்பு தேய்ந்தது. கொஞ்ச தூரம் போனதும், அவள் கேட்காமலே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

"தல நெறைய முடி வனா. உன்ன மாதிரிச் சுருட்டை. நெத்தில வந்து விழுந்துருந்துச்சு, நாந்தான் ஒதுக்கிவிட்டேன்."

வனராணி அந்த முடியை ஒதுக்கிவிட்ட விரலை ஓரக்கண்ணால் பார்த்தாள், பொறாமையாக இருந்தது. பார்த்துக்கொண்டே நடந்தாள். வளைவு வந்தது. அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.